எந்த டாக்டரைப் பாக்கச் சொல்றீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல பெண்கள் பக்கத்துல மாதவிடாய் நிக்கிற காலத்தைப் பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்லல. சோயா சேத்துக்கோங்க, காலைல நடங்க, மனசை லேசா வெச்சுக்கோங்கன்னு எல்லாம் சொல்லிட்டு கடைசி வரியில "தொந்தரவு அதிகமா இருந்தா டாக்டரைப் பாருங்க"ன்னு முடிச்சிருந்தீங்க. அந்த வரியைப் படிச்சிட்டு கையில இருந்த காபி ஆறிப்போற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன். ஏன்னா நீங்க பாக்கச் சொல்ற அந்த டாக்டர் நான்தான். திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர்ல கிளினிக் வெச்சிருக்கேன், வெறும் எம்பிபிஎஸ், 1999ல காலேஜை விட்டு வெளிய வந்தேன், காய்ச்சல் சளி சுகர் பிரஷர் நாய்க்கடி எல்லாம் பாக்கறேன், பொம்பளை டாக்டருங்கறதால சுத்துப்பட்டு பொம்பளைங்க எல்லாத்துக்கும் என்கிட்டதான் வருவாங்க. அப்படி வந்தவங்களுக்கு இந்த விஷயத்துல நான் என்ன வைத்தியம் பாத்தேன்னு சொல்லணும்னு தோணுச்சு, அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், வெட்டறதா இருந்தா நடுவுல வெட்டிக்கோங்க.

முதல்ல நான் என்ன படிச்சேன்னு சொல்றேன். மகப்பேறு புக்கு எவ்வளவு தடி, கைனக் (பெண்கள் நோய்) புக்கு எவ்வளவு தடின்னு டாக்டருங்களுக்குத் தெரியும். அதுல மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிக்கிறது, ஒரு சின்ன சாப்டர். எங்க பேட்சுக்கு அது ஒரே ஒரு கிளாஸ், அதுவும் பரீட்சைக்கு முன்னாடி போர்ஷன் முடிக்கிற அவசரத்துல. பரீட்சையில வரக்கூடிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், மாதவிடாய் நின்ன அப்புறம் ரத்தப்போக்கு வந்தா என்ன பண்ணுவேன்னு. புத்துநோயான்னு பாக்கணும், அது இல்லைன்னு நிரூபணம் ஆகற வரைக்கும் விடக்கூடாது. அது சரியான பாடம், இன்னிக்கும் அதுல மாத்தம் இல்ல, நின்னு ஒரு வருஷத்துக்கு அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் வாங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்வேன். ஆனா புத்துநோய் இல்லாத மிச்ச பொம்பளைங்களை என்ன பண்றதுன்னு எங்களுக்கு யாரும் சொல்லித்தரல. பிரசவ வார்டுல ராத்திரி பகலா நின்னோம், எத்தனை பிரசவம் பாத்தோம்னு ரெக்கார்டு நோட்டுல எழுதி கையெழுத்து வாங்கினோம், மெனோபாஸ் கேஸ் ஒண்ணு பாத்தேன்னு எவரும் கையெழுத்து வாங்கினதில்ல.

அப்ப நான் என்ன பண்ணேன்? 46, 47 வயசுல ஒருத்தங்க வருவாங்க, "டாக்டரம்மா நெஞ்சு படபடங்குது, தூக்கம் இல்ல, ஒரே எரிச்சலா வருது, புள்ளைங்க மேல கத்திடறேன்"னு. ஈசிஜி எடுப்பேன், நார்மல். ரத்தம் குறைவான்னு பாப்பேன், தைராய்டு பாப்பேன், ஓரளவு நார்மல். கேஸ் மாத்திரை, பி காம்ப்ளெக்ஸ், ரொம்ப அழுதா ஒரு வாரத்துக்கு தூக்க மாத்திரை. "ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் நார்மலா இருக்கு, டென்ஷனைக் குறைச்சுக்கோ"ன்னு அனுப்பிடுவேன். அந்தம்மா திண்டுக்கல் போயி ஹார்ட் டாக்டரைப் பாப்பாங்க, அவர் எக்கோ எடுப்பார், நார்மல். மூட்டு வலிக்கு எலும்பு டாக்டர், கால்சியம். தோள்பட்டையைத் தூக்க முடியல, அதுக்கு ஒரு ஊசி. அடிக்கடி நீர்க்கடுப்பு, அதுக்கு ஆன்டிபயாட்டிக், போன மாசம் ஒரு கோர்ஸ் இந்த மாசம் ஒரு கோர்ஸ். கடைசியில யாராவது மனநல டாக்டர்கிட்ட அனுப்புவாங்க, வீட்டுல உடனே "இவளுக்கு மூளை சரியில்லையாம்"னு பேச்சு ஆரம்பிச்சிடும். ஒரு மஞ்சப்பை நிறைய ஃபைலோட இந்த மாதிரி சுத்தி முடிச்சிட்டு ஒரு அம்மா திரும்ப என்கிட்டயே வந்தாங்க, நான் உக்காந்து ஒவ்வொண்ணா பாத்தேன், அஞ்சு டாக்டரோட சீட்டு, ஆறாவதா என்னோட பழைய சீட்டு, ஒண்ணுலகூட கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்துச்சுன்னு எழுதலை. பிரசவ வயசுல இருக்கற பொண்ணுக்கு எல்எம்பின்னு அதைத்தான் முதல் வரியா எழுதுவோம், 45 தாண்டினா அந்த வரியே சீட்டுல இருந்து காணாமப் போயிடுது.

எனக்கே வந்தப்ப நான் பட்ட கூத்தைச் சொன்னா சிரிப்பீங்க. 47 வயசு. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வரும், நைட்டி தலகாணி எல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கும், எழுந்து ஃபேனுக்கு அடியில நிப்பேன், அஞ்சு நிமிஷத்துல குளிரும். ராத்திரி வேர்வைன்னா டாக்டர் மூளைக்கு முதல்ல டிபிதான் ஞாபகம் வரும், நான் தினம் இருமல் நோயாளியோட உக்காந்திருக்கறவ வேற, நேரா போயி எக்ஸ்ரே எடுத்தேன், நார்மல்னு வந்ததும் அடுத்து நிணநீர்க்கட்டி புத்துநோயா இருக்குமோன்னு கழுத்தைத் தடவிக்கிட்டே ரெண்டு வாரம் போச்சு. ஒரு நாள் பேஷன்ட் முன்னாடி தினம் எழுதற பிரஷர் மாத்திரை பேரு மறந்துபோச்சு, சத்தியமா மறந்துபோச்சு, அம்... அம்...னு இழுத்து கடைசியில டப்பாவைப் பாத்து எழுதினேன். அன்னிக்கு ராத்திரி என்கூட படிச்ச ஒருத்திக்கு போன் போட்டு அழுதுட்டேன், அவ கைனக். பாதி கேட்டுட்டு, "ஏடி, உனக்கு கடைசியா பீரியட்ஸ் எப்படி வந்துச்சு?"ன்னா. யோசிச்சுப் பாக்கறேன், நாலு மாசம் வரல, அதுக்கு முன்னாடி பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை. இதை நான் என்கிட்டயே கேக்கலை பாருங்க! சரி என்ன மாத்திரை போடலாம்னு கேட்டேன், அதுக்கு அவ சொன்னதுதான் என்னை இந்த லெட்டர் வரைக்கும் கொண்டு வந்து விட்டுச்சு. "ஹார்மோன் எல்லாம் வேணாம்டி, கேன்சர் வரும், 2002ல ஸ்டடி வந்துச்சுல்ல, நான் யாருக்கும் எழுதறதில்ல." ஸ்பெஷலிஸ்டு அவ. அவளும் அந்த ஸ்டடியை முழுசா படிச்சதில்லைன்னு அப்புறம் அவளே ஒத்துக்கிட்டா.

அப்பதான் உக்காந்து படிச்சேன், 47 வயசுல, கண்ணாடி போட்டுக்கிட்டு. அமெரிக்காவுல வுமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்னு பெரிய ஆராய்ச்சி, அதுல ஈஸ்ட்ரஜனும் (மெனோபாஸ்ல உடம்புல குறைஞ்சுபோற பெண் ஹார்மோன்) புரோஜெஸ்டினும் (கர்ப்பப்பையைப் பாதுகாக்க கூடச் சேக்கற, புரோஜெஸ்ட்ரான் மாதிரி மருந்து) சேத்துக் கொடுத்துப் பாத்த பிரிவுல 16,608 பேர், 2002 ஜூலையில பாதியில நிறுத்தினாங்க, மார்பகப் புத்துநோய் 26 சதவீதம் கூடுதுன்னு உலகம் பூரா நியூஸ். அந்த 26ங்கறது என்னன்னா, வருஷத்துக்கு பத்தாயிரம் பேர்ல மாத்திரை சாப்பிடாதவங்களுக்கு 30 பேருக்கு வந்தா சாப்பிட்டவங்களுக்கு 38 பேருக்கு வந்துச்சு, எட்டு பேர் அதிகம். எட்டு உயிருன்னா எட்டு உயிருதான், அது ஒண்ணும் இல்லைன்னு நான் சொல்ல வரல. ஆனா அந்த ஆராய்ச்சியில சேந்தவங்களோட சராசரி வயசு 63. மாதவிடாய் நின்னு பத்து வருஷத்துக்கு மேல ஆனவங்க பெரும்பாலும், அனல் அடிக்குது தூங்க முடியலன்னு இன்னிக்கு என் முன்னாடி உக்காந்திருக்கற 48 வயசு அம்மா இல்ல. கொடுத்ததும் கர்ப்பமா இருக்கற குதிரை மூத்திரத்துல இருந்து எடுத்த ஈஸ்ட்ரஜன், அதுகூட பழைய மாதிரி புரோஜெஸ்டின். கர்ப்பப்பை எடுத்தவங்களுக்கு ஈஸ்ட்ரஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவை 2004ல நிறுத்தினாங்க, பக்கவாதம் கூடுதுன்னு, ஆனா அதுல மார்பகப் புத்துநோய் கூடவே இல்ல. இந்த இரண்டாவது நியூஸ் எங்க யாரு காதுக்கும் வந்து சேரல. முதல் நியூஸ் மட்டும் 20 வருஷமா வாய்வழியா ஓடிக்கிட்டே இருக்கு, அப்புறமா படிச்சு வந்த டாக்டர்கள் ஒரு தலைமுறையே இந்த மருந்தை எழுதிப் பழகாமலே வளந்துடுச்சு. இப்ப 60 வயசுக்குள்ள, இல்லாட்டி நின்னு 10 வருஷத்துக்குள்ள, வேற தடை எதுவும் இல்லாத பொம்பளைக்கு தொந்தரவு அதிகமா இருந்தா பெரும்பாலும் நன்மைதான் அதிகம்னு பெரிய அமைப்புங்க எல்லாம் சொல்லுது. 2025 நவம்பர்ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவும் அந்த மருந்து அட்டையில கறுப்புக் கட்டம் போட்டிருந்த எச்சரிக்கையில பெரும்பகுதியை எடுக்கப்போறதா அறிவிச்சுது.

இங்க ஒரு வேடிக்கை. எங்க ஊர்ல தைப்பூசத்துக்கு பழனி பாதயாத்திரைன்னா பத்து நாளைக்கு முன்னாடியே மெடிக்கல்ல பீரியட்ஸைத் தள்ளிப்போடற மாத்திரை தீந்துபோகும், சீட்டு கிடையாது கேள்வி கிடையாது, அண்ணே அந்த மாத்திரை கொடுங்கன்னா கொடுத்துடுவார். அதுவும் ஹார்மோன்தான். குழந்தை வேணாம்னு சாப்பிடற மாத்திரையில இருக்கற ஈஸ்ட்ரஜன் வீரியம் மெனோபாஸுக்கு கொடுக்கறதை விட ஜாஸ்தி. சாமிக்காக சாப்பிட்டா பயம் இல்ல, புருஷனுக்காக சாப்பிட்டா பயம் இல்ல, அவ தூங்கறதுக்கு சாப்பிடறதுன்னா மட்டும் டாக்டர்ல இருந்து மாமியார் வரைக்கும் "ஐயையோ ஹார்மோனா".

அதுக்காக எல்லாரும் எழுதித் தள்ளுங்கன்னு நான் சொல்லல, அது இதைவிட மோசம். அரைகுறையாத் தெரிஞ்ச டாக்டர் என்ன பண்ணுவார்னு சொல்றேன் கேளுங்க. கர்ப்பப்பை இருக்கறவங்களுக்கு வெறும் ஈஸ்ட்ரஜனை மட்டும் எழுதினா கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சு புத்துநோயாகற அபாயம் உண்டு, 1975லயே அமெரிக்காவுல இதைக் கண்டுபிடிச்சுட்டாங்க, கூட புரோஜெஸ்ட்ரான் கட்டாயம் கொடுக்கணும். மார்பகப் புத்துநோய் வந்தவங்களுக்குக் கூடாது, காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தா முதல்ல அதைப் பாக்கணும், கல்லீரல் கெட்டிருந்தா யோசிக்கணும். கால்ல ரத்தம் கட்டின சரித்திரம் இருக்கறவங்களுக்கு மாத்திரை ஆபத்து, தோல்ல தடவற ஜெல்லோ ஒட்டற பேட்ச்சோ அந்த விஷயத்துல பரவாயில்லை, அதையும் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுத்தான் கொடுக்கணும். ஹார்மோனே ஒத்துக்காதவங்களுக்கு வேற மாத்திரை இருக்கு, மனச்சோர்வுக்குக் கொடுக்கற சில மாத்திரையை கம்மி டோஸ்ல கொடுத்தா அனல் குறையும், மூளையில உடம்புச் சூட்டைக் கவனிச்சுக்கற இடத்துல மட்டும் வேலை செய்யற புது மாத்திரை ஒண்ணுக்கு 2023ல அமெரிக்காவுல அனுமதி கொடுத்தாங்க. எந்தத் தொந்தரவும் இல்லாம சுலபமா தாண்டிப்போற பொம்பளைங்களும் நிறைய இருக்காங்க, அவங்களை நாம எதுக்கு நோயாளி ஆக்கணும்? யாருக்கு எது, யாருக்கு எதுவும் வேணாம்ங்கறதை முடிவு பண்ண ஒரு டாக்டருக்குக் கத்துக்கொடுக்கணும், அது தானா வராது. எனக்கு வரலையே.

நம்ம நாட்டைத்தான் கேவலமா பேசறேன்னு நினைச்சுக்காதீங்க. அமெரிக்காவுல மேல்படிப்பு படிக்கிற டாக்டர்கள்கிட்ட, குடும்ப மருத்துவம், ஜெனரல் மெடிசின், கைனக் மூணு துறையிலயும், எடுத்த ஒரு சர்வே 2019ல வெளிய வந்துச்சு, மெனோபாஸ் பேஷன்டைப் பாக்க எனக்கு நல்ல பயிற்சி இருக்குன்னு சொன்னவங்க 6.8 சதவீதம் பேர், அஞ்சுல ஒருத்தர் ஒரு கிளாஸ்கூட நடந்ததில்லைன்னு சொன்னாங்க. அங்கயே அப்படி. ஆனா அவங்க அதை எண்ணிப் பாத்தாங்க, வெளிய சொன்னாங்க, இப்ப அங்க இதுக்குன்னே பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கற டாக்டருங்க இருக்காங்க. இங்கிலாந்துல 2015லயே வழிகாட்டி போட்டுட்டாங்க, 45 தாண்டினவங்களுக்கு அறிகுறி இருந்தா ரத்தப் பரிசோதனையே வேணாம், பேசியே கண்டுபிடிக்கலாம்னு. நம்ம ஊர் லேப்ல "லேடீஸ் ஹார்மோன் பேக்கேஜ்"னு ஆயிரக்கணக்குல வாங்கறாங்களே, நானும் எழுதியிருக்கேன், அதுல பாக்கற எஃப்எஸ்எச்ங்கற ஹார்மோன் அளவு இந்த வயசுல இன்னிக்கு ஒண்ணு காட்டும் அடுத்த வாரம் வேற காட்டும், நார்மல்னு வந்துட்டா "உனக்கு மெனோபாஸ் இல்லம்மா"ன்னு தப்பாச் சொல்லி அனுப்பிடுவோம். 40 வயசுக்குள்ள நின்னுபோச்சுன்னா அது வேற கதை, அங்க டெஸ்டு எடுத்தே ஆகணும், மருந்தும் பெரும்பாலும் கொடுத்தே ஆகணும்.

ஆனா வெள்ளைக்காரன் பாடத்தை அப்படியே இங்க கொண்டு வந்து ஒப்பிச்சா உதவாது. அங்க சராசரியா 51 வயசுல நிக்குது, நம்ம நாட்டுல 46, 47. அப்படின்னா ஆட்டம் ஆரம்பிக்கிறது 41, 42லயே. புக்குல படிச்ச 51ஐ மனசுல வெச்சுக்கிட்டு 43 வயசு அம்மாகிட்ட "உனக்கு இன்னும் வயசாகலையே"ன்னு சொல்லி அனுப்பினது நான் எத்தனை பேரை.

அடுத்தது கர்ப்பப்பை ஆபரேஷன். இது நம்ம நாட்டு விஷயம், இதை வெளிநாட்டு கோர்ஸ்ல சொல்லித்தர மாட்டாங்க. 2015-16ல எடுத்த தேசிய குடும்பநல சர்வேயில 15ல இருந்து 49 வயசுக்குள்ள இருக்கற பொம்பளைங்கள்ல நூத்துக்கு மூணு பேருக்கு மேல கர்ப்பப்பையை எடுத்திருக்காங்க, ஆந்திராவுல ஒம்போது கிட்ட. மகாராஷ்டிராவுல பீட் மாவட்டத்துல கரும்பு வெட்டப் போற பொம்பளைங்க வேலை கெடக்கூடாதுன்னு எடுத்துக்கிட்ட கதை 2019ல பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. உச்சநீதிமன்றம் 2023ல தேவையில்லாம எடுக்கறதைத் தடுக்க மத்திய அரசு வழிகாட்டியை எல்லா மாநிலமும் மூணு மாசத்துல அமல்படுத்தணும்னு சொல்லுச்சு. எங்க பக்கத்துலயும் நடக்குது. டாக்டரை மட்டும் குறை சொல்ல முடியாது, அம்மாக்களே வந்து கேப்பாங்க, "இனிமே அது எதுக்குங்க, கட்டட வேலைக்குப் போற இடத்துல ஒதுங்க இடம் இல்ல, கோயில் குளம் போக முடியல, எடுத்து விட்ருங்க"ன்னு. மெனோபாஸ் நெருங்கறப்ப ரத்தப்போக்கு கன்னாபின்னான்னு ஆகறது சகஜம், அதுக்கு மாத்திரை இருக்கு, ஹார்மோன் வெச்ச காப்பர் டி மாதிரி ஒண்ணு இருக்கு, உள்ள வெச்சா பாதிப்பேருக்கு மேல ஆபரேஷன் பேச்சே வராதுங்கறது என் அனுபவம். அதைச் சொல்லிப் புரியவைக்க கால் மணி நேரம் வேணும், அந்தக் கால் மணி நேரம்தான் எவர்கிட்டயும் இல்ல.

எடுத்ததுக்கு அப்புறம் இன்னும் மோசம். கர்ப்பப்பையோட சேத்து முட்டைப்பையையும் எடுத்துட்டா ஒரே ராத்திரியில மெனோபாஸ், மெதுவா பழகறதுக்கு நாலஞ்சு வருஷம் எல்லாம் கிடையாது, 35 வயசுல எலும்பும் இதயமும் 50 வயசுக்குப் போக ஆரம்பிக்கும். கேட்டா "பை எடுத்தாச்சு டாக்டரம்மா" அவ்வளவுதான் தெரியும். முட்டைப்பை இருக்கா இல்லையா? அந்தம்மாவுக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது, டிஸ்சார்ஜ் சம்மரி வீடு மாறறப்ப தொலைஞ்சுபோச்சு, இருந்தாலும் அதுல புரியற மாதிரி எழுதியிருக்காது. 38 வயசுல இடுப்பு வலி, கை கால் எரிச்சல்னு வர்ற அம்மாவுக்கு கால்சியம் எழுதறதுக்கு முன்னாடி இந்த ஒரு கேள்வியைக் கேக்கணும்னு எனக்கு மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் தோணினதே இல்ல.

இன்னொண்ணு பாஷை. இதை அழுத்திச் சொல்றேன். ஹாட் ஃப்ளஷ்னு எந்த அம்மாவும் வந்து சொல்ல மாட்டாங்க. "குபுகுபுன்னு அனல் அடிக்குது", "அடுப்புக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கு", "உடம்புல எறும்பு ஊறுது", "தலைக்குள்ள ஏதோ மேகம் மூடின மாதிரி", "சூடு பிடிச்சுக்கிச்சு". சூடுன்னதும் நாம மூத்திர டெஸ்டு எழுதுவோம், அவங்க இளநீர் குடிப்பாங்க. பிறப்புறுப்பு வறட்சியை எந்த வார்த்தையிலயும் சொல்ல மாட்டாங்க, புருஷன் வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பார், கதவு சரியா சாத்தாது. நாமதான் கேக்கணும். நான் முதல் தடவை கேக்கறப்ப எனக்கே நாக்கு குழறுச்சு, 20 வருஷமா பிரசவம் பாத்த வாயி. "வீட்டுக்காரரோட சேந்து இருக்கறப்ப வலிக்குதாம்மா? அந்த இடம் காந்துதா?"ன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. ரொம்ப நேரம் கழிச்சு, "அதுக்குப் பயந்துக்கிட்டுதாம்மா நான் மகளோட ரூம்ல படுத்துக்கறேன், அவருக்கு வேற மாதிரி சந்தேகம் வந்துடுச்சு"ன்னாங்க. அந்த இடத்துல மட்டும் போடற ஈஸ்ட்ரஜன் கிரீம் ஒண்ணு இருக்கு, ரத்தத்துல கலக்கறது ரொம்ப ரொம்ப கம்மி, வறட்சியும் போகும், அடிக்கடி வர்ற நீர்க்கடுப்பும் குறையும். மஞ்சப்பையோட வந்தாங்கன்னு சொன்னேனே, அவங்கதான் இவங்க. வருஷத்துக்கு ஆறு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட அம்மா. கிரீம் ஆரம்பிச்ச அடுத்த வருஷம் ஒரே ஒரு தடவைதான் நீர்க்கடுப்புன்னு வந்தாங்க. எந்தப் பெரிய ஆஸ்பத்திரியும் தேவைப்படல, ஒரு கேள்விதான் தேவைப்பட்டுச்சு.

இயற்கையா வர்றதுக்கு எதுக்கு வைத்தியம், எங்க அம்மா பாட்டி எல்லாம் மாத்திரையா சாப்பிட்டாங்கன்னு கேப்பீங்க, என் வீட்டுக்காரரே கேட்டார். வெள்ளெழுத்தும் இயற்கையாதான் வருது, அவர் அதைக் கேக்கறப்ப மூக்கு மேல கண்ணாடி இருந்துச்சு. எங்க பாட்டியை ஊர்ல "சிடுமூஞ்சி"ன்னுதான் சொல்வாங்க, அம்பது வயசுக்கு முன்னாடி அப்படி இல்லைன்னு அம்மா சொல்லும். சாமத்துல எழுந்து வாசல் திண்ணையில விசிறியோட உக்காந்திருக்குமாம். பேய் பிடிச்சிருக்குன்னு வேப்பிலை அடிச்சிருக்காங்க ஒரு தடவை.

இப்ப என்ன பண்ணணும்னு கேட்டா, பயிற்சி இல்லாம இல்ல. இந்தியன் மெனோபாஸ் சொசைட்டி 1995ல இருந்து இருக்கு, கோர்ஸ் எல்லாம் நடத்தறாங்க, வழிகாட்டி போட்டிருக்காங்க. கைனக் டாக்டருங்களோட அகில இந்திய கூட்டமைப்பு 1950ல ஆரம்பிச்சதே நம்ம மெட்ராஸ்லதான், நல்ல ஆட்கள் இருக்காங்க. ஆனா போயி உக்காந்திருக்கறவங்க பெரும்பாலும் கைனக்தான். நான் ஒரு தடவை போனேன், ஸ்டார் ஹோட்டல், ஏசி குளுகுளுன்னு இருந்துச்சு (எனக்கு அது ஒண்ணுதான் அன்னிக்கு வேண்டியிருந்துச்சுன்னு வெச்சுக்கோங்க), மருந்து கம்பெனி பேனரு, கையில கொடுத்த பையில கால்சியம் சாம்பிள். பேசினவர் நல்லாப் பேசினார். ஆனா அந்த ஹால்ல இருந்த முக்கால்வாசிப் பேர்கிட்ட அனல் அடிக்கிற அம்மா போயி சேர்றதே இல்ல, படபடப்புன்னு வர்றவங்க பொது டாக்டர்கிட்டயும் ஹார்ட் டாக்டர்கிட்டயும்தான் போறாங்க. அவங்களுக்கு இந்தப் பயிற்சி வேணும். ஆரம்ப சுகாதார நிலையத்துல உக்காந்திருக்கற 26 வயசு தம்பிக்கு வேணும், அவனுக்கு இதெல்லாம் கேக்கக் கூச்சமா இருக்கும், கூச்சத்தைப் போக்கறதும் பயிற்சியிலதான் வரணும். எலும்பு டாக்டருக்கு வேணும், மனநல டாக்டருக்கு வேணும், கிராம சுகாதார நர்ஸுக்குக் கண்டிப்பா வேணும். கம்பெனிக்காரன் ஸ்லைடு இல்லாம, மெடிக்கல் கவுன்சில் பயிற்சி நேரமா கணக்குல எடுத்துக்கற கிரெடிட் ஹவரோட, ஒரு நாள் போதும்னு நான் நினைக்கறேன், நிஜமான கேஸை வெச்சு, தமிழ்ல கேள்வி கேட்டுப் பழகற மாதிரி. யாருக்கு ஆரம்பிக்கலாம், யாரை மேல அனுப்பணும், எந்த ரத்தப்போக்கை விடவே கூடாது, அனல்னு நினைச்சு தைராய்டையும் மாரடைப்பையும் கோட்டை விடாம இருக்கறது எப்படி. பொம்பளைங்களுக்கு நெஞ்சுவலி வந்தா "இது மெனோபாஸ்தான்"னு தள்ளிவிடற புதுத் தப்பும் வந்துடக்கூடாது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்கல்ல, வீட்டு வாசல்லயே வந்து சுகர் பிரஷர் பாக்கறாங்க. வர்ற தன்னார்வலர் அதே ஊர் சுய உதவிக்குழு பொண்ணு, வீட்டுக்குள்ள வரைக்கும் போக முடியும், ஆம்பளைங்க இல்லாத நேரத்துல பேச முடியும், டாக்டர்கிட்ட சொல்லாததை அவகிட்ட சொல்வாங்க. அவ கையில இருக்கற பதிவுல ரெண்டே ரெண்டு கேள்வி சேக்கச் சொல்லி சுகாதாரத் துறையை உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கறேன். பீரியட்ஸ் நின்னுடுச்சா, எந்த வயசுல? கர்ப்பப்பை எடுத்திருந்தா முட்டைப்பை இருக்கா? இந்த ரெண்டுக்கும் பதில் இருந்தா 42 வயசுல நின்னுபோன அம்மா யாரு, அவங்க எலும்பை எப்ப பாக்கணும்னு எனக்குத் தெரிஞ்சுடும். அதுக்குச் செலவு ஒண்ணும் ஆகாது. ஆனா பதிலைக் கொண்டு வந்து கொடுத்தா படிச்சுப் புரிஞ்சுக்கற டாக்டர் அந்தப் பக்கம் இருக்கணும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அக்டோபர் 18 உலக மெனோபாஸ் தினம், கண்டிப்பா ஏதாவது போடுவீங்க. அப்ப தலையில கைய வெச்சுக்கிட்டு ஜன்னலைப் பாக்கற அந்த நரைச்ச அம்மா படத்தைப் போடாதீங்க, 43 வயசுக்காரி அதைப் பாத்து இது எனக்கில்லைன்னு பக்கத்தைத் திருப்பிடுவா. டாக்டரைப் பாருங்கன்னு மட்டும் எழுதாம, போறப்ப என்ன எழுதிக்கிட்டுப் போகணும்னு ஒரு சின்னக் கட்டம் போடுங்க. கடைசி பீரியட்ஸ் தேதி, ஆபரேஷன் ஆனதா, ரத்தம் கட்டினது உண்டா, வீட்டுல யாருக்காவது மார்பகப் புத்துநோய் உண்டா, ராத்திரி எத்தனை தடவை முழிப்பு. அதைக் கத்தரிச்சு எடுத்துக்கிட்டு வந்து மேஜை மேல வெச்சாங்கன்னா எந்த டாக்டரும் படிச்சுத்தான் ஆகணும், படிச்சுட்டு முழிச்சார்னா அவரும் என்னை மாதிரி உக்காந்து படிப்பார்.

என் பேரைப் போட வேணாம். போடலைன்னாலும் எங்க ஊர்ல ரெண்டே லேடி டாக்டர்தான், அதுல ஒருத்தங்களுக்கு வயசு 29, கண்டுபிடிச்சுடுவாங்க, பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு எம்பிபிஎஸ் டாக்டர்,
திண்டுக்கல் மாவட்டம்.